குருவி நீக்கப்பட்ட முத்திரை

"முத்திரையில என்ர இடது காதைக் காணேல்லை. இதுக்கு நான் சம்மதிக்க ஏலாது."

லண்டனின் டூட்டிங் பகுதி மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் கைபேசியில் இப்படிச் சொன்னார். அவருடைய தலையில் இரண்டு காதுகளும் பத்திரமாக இருந்தன. விசாரித்ததில், அவர் தோர்ண்டன் ஹீத் தமிழ் இளையோர் வட்டத்தின் ஆலோசனைக் குழுப் பொருளாளர் ஞானசேகரம் என்று தெரியவந்தது.

வட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு டிசம்பரிலும் அக்கம்பக்கத்தாரின் கிறிஸ்மஸ் அட்டைகளைச் சேகரித்து, தாங்களே அச்சிட்டு விற்கும் அஞ்சல் முத்திரையை ஒட்டி, வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுவார்கள். வருமானம் நோயுற்ற சிறுவர்களின் இல்லத்துக்குப் போகும். முத்திரையில் சிவந்த மார்புடைய ஒரு குருவி இருக்கும். குருவியைப் பற்றி அதுவரை யாரும் முறைப்பாடு செய்ததில்லை.

இந்த ஆண்டு ஆலோசனைக் குழுத் தலைவர் பாலேந்திரா, "வழிகாட்டிகளின் திருவுருவம் முத்திரையில் இடம்பெறாமை வருங்காலச் சந்ததிக்கு இழைக்கப்படும் அநீதி" என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவர் முகம் இடம்பெற்றது. பிறகு செயலாளர், பொருளாளர், மகளிர் அணித் தலைவி சிவகௌரி, முன்னாள் தலைவர்கள் என்று எல்லோர் முகமும் இடம்பெற்றன. எந்தப் பதவியும் வகிக்காத காரணத்தால் குருவி நீக்கப்பட்டது. முகங்கள் சம அளவில் இருக்க வேண்டும், காதுகள் வெட்டுப்படக் கூடாது என்ற திருத்தங்கள் ஏகமனதாக நிறைவேறியதில், முத்திரை கடித உறையின் அளவுக்கு வளர்ந்தது.

அஞ்சலுக்குப் பொறுப்பானவள் ஜதுர்ஷிகா என்ற பள்ளி மாணவி. கிறிஸ்மஸுக்கு முன் அட்டைகள் போய்ச் சேரும் என்று வாசல் வாசலாக வாக்குக் கொடுத்தவள் அவள்தான்.

"அங்கிள், இதை ஒட்டினா விலாசம் மறைஞ்சிடும்."

"விலாசம் இண்டைக்கு இருக்கும், நாளைக்கு வீடு மாறுவினம். நாங்கள் ஆயுட்கால உறுப்பினர், பிள்ளை" என்றார் பாலேந்திரா.

"அப்ப பின்பக்கம் எழுதட்டா?"

"பின்பக்கம் நன்றியுரை."

"உள்ளுக்க எழுதினா என்ன?" என்றார் சிவகௌரி. "திறந்து பாக்கிற ஆளுக்கு விளங்கும்தானே."

"பிழையான வீட்டுக்குப் போனா, அன்ரி?"

"அவையளும் எங்களைப் பாக்கட்டுமன்."

முத்திரை வெளியீட்டு விழா கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் நடந்தது. விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, வாழ்த்துரை, ஆசியுரை, சிறப்புரை எல்லாம் முடிந்தபின் பெரியவர்கள் மேடையில் அமர்ந்து, தங்கள் பொற்கரங்களால் எல்லா அட்டைகளிலும் முத்திரை ஒட்டினார்கள். ஒரு முகவரிகூட மிஞ்சவில்லை. பிள்ளைகள் கைதட்டுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

ஜதுர்ஷிகா ஓர் உறையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். முகங்களுக்கு அடியில் முகவரி மங்கலாகத் தெரிந்தது. அவள் கறுப்பு மார்க்கரை எடுத்து, தலைவரின் அகன்ற நெற்றியில் வீட்டு இலக்கத்தையும் தெருவின் பெயரையும் எழுதினாள். போஸ்ட்கோடும் அங்கேயே அடங்கியது.

பாலேந்திரா உறையை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"வடிவா விளங்குது" என்றார். "எல்லாத்தையும் என்ர நெத்தியிலயே எழுதுங்கோ."

"அதெப்பிடி அண்ணை?" என்று ஞானசேகரம் எழுந்தார். "எல்லாத்தையும் நீங்களே வைச்சிருந்தா மற்ற ஆக்கள் என்னத்துக்கு? வீட்டு நம்பர் உங்களுக்கு. தெரு மகளிர் அணிக்கு."

"போஸ்ட்கோடு?" என்று கேட்டாள் ஜதுர்ஷிகா.

ஞானசேகரம் மார்க்கரை அவள் கையிலிருந்து வாங்கினார். அடுத்த உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முத்திரையில் இருந்த தன் மூக்கின் மேல் போஸ்ட்கோடைப் பெரிதாக எழுதினார். அவருக்குப் பின்னால் ஆலோசனைக் குழு முழுவதும் மார்க்கருக்கு வரிசையில் வந்து நின்றது.