பொய்த் தும்மலுக்கு நிஜக் கத்தி

“தும்மும்போது உங்களுக்குக் கண்ணு தெரியாதா, மாமா?”

பல வருஷங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு குழந்தை கேட்ட கேள்வி இது. பார்வையாளர் நேரம் முடிந்து கேட்டைச் சாத்தியாகிவிட்டது. உள்ளே படுத்திருக்கும் அம்மாவைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று குழந்தை நின்றது. விட்டால் சட்டம் கெடும். விடாவிட்டால் மனசு கெடும். வாட்ச்மேன் தவித்துக்கொண்டிருந்தபோது தூசி பறந்து தும்மல் வந்தது. உடனே இந்தக் கேள்வி.

“சுத்தமாத் தெரியாது, கண்ணு!” என்றவர், கேட்டின் தாழ்ப்பாளைத் தளர்த்திவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அடுத்த தும்மலைத் தாமே தயாரித்தார். கைகளை எடுத்தபோது குழந்தை அங்கே இல்லை. கண்ணை மூடவைக்கும் தும்மலைக் கடவுள் காரணமில்லாமலா படைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று பிடித்த தும்மல்தான். வேலை முடிந்து மூச்சிரைக்க ஓடிவரும் கணவனோ, பேரனைப் பார்க்க வந்து நேரம் தவறிய தாத்தாவோ கெஞ்சினால், வாட்ச்மேன் கண்டிப்பாகச் சட்டத்தைச் சொல்வார். சொல்லி முடித்ததும் தும்முவார்.

புதிதாக வந்த மேனேஜர் அவரைக் கூப்பிட்டார்.

“என்னய்யா, வார்டுல நோயாளியைவிடச் சொந்தக்காரங்க அதிகமா இருக்காங்க?”

“தும்மல் சார். அலர்ஜி. கண்ணைத் தொறக்கறதுக்குள்ள புகுந்துடறாங்க.”

“அடப் பாவமே! நாம நடத்துறது ஆஸ்பத்திரிய்யா. குணப்படுத்தாம விடுவேனா?”

மேனேஜர் நல்லவர். அதுதான் வினையாகப் போயிற்று.

முதலில் மாத்திரை கொடுத்தார். மேனேஜர் எதிரிலேயே விழுங்க வேண்டியதாயிற்று. வாட்ச்மேன் நாற்காலியிலேயே குறட்டை விட்டார். கேட் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே போனவர்களில் யாரோ அவர் தலைக்கு ஒரு தலையணையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வார்டுத் தலையணை.

அடுத்து மூக்கில் அடிக்கும் மருந்து வந்தது. அதில் நிஜத் தும்மலே வந்துவிட்டது. பொய்த் தும்மலாவது ஆள் பார்த்து வந்தது; நிஜத் தும்மலுக்கு அந்த விவரமெல்லாம் இல்லை. ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டும் ஒரு நாயும் உள்ளே போனார்கள். நாய் உடனே திரும்பி வந்துவிட்டது.

“இனி ஆபரேஷன்தான்!” என்றார் மேனேஜர். “புதுசா வந்திருக்கிற மூக்கு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அப்படியும் தீரலேன்னா ஜெனரேட்டர் ரூமுக்கு மாத்திடறேன். அங்க யார் வரப்போறாங்க?”

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“பொய்த் தும்மலுக்கு நிஜக் கத்தியா? பேசாம உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்!”

“சொன்னா வேற ஆளைப் போடுவாங்க.”

“போடட்டுமே!”

“அவனுக்குத் தும்மத் தெரியலேன்னா?”

 துவைத்த கைக்குட்டை ஒன்றை அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

டாக்டரம்மாவுக்கு இளவயது. மேனேஜர் பெண்பார்க்க வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“ஆபரேஷன்ல அலர்ஜியே போயிடாது சார். மருந்து கேக்காதவங்களுக்கு அடைப்பைக் குறைக்கத்தான் பண்றது. மூக்குக்குள்ள வீங்கின சதையைச் சுருக்கலாம். நடுச்சுவர் வளைஞ்சிருந்தா நேராக்கலாம். மூக்கு ஓயாம ஒழுகினா அதுக்கான நரம்பை வெட்டலாம்.”

“மூணையும் பண்ணிடுங்க! நல்ல மனுஷன், குறை வைக்காதீங்க.”

வாட்ச்மேன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். டாக்டர் விளக்கடித்து மூக்குக்குள் பார்த்தார். பிறகு, காரணமில்லாமல், அவர் முகத்தைப் பார்த்தார்.

“எப்பெல்லாம் தும்மல் வரும்?”

“வாசல்ல யாராவது அழுதா...”

“என்னது?” என்றார் மேனேஜர்.

“அழுக்கு சார்! அழுக்குத் தூசி!”

டாக்டர் விளக்கை அணைத்தார்.

“இவருக்கு எந்த ஆபரேஷனும் உதவாது, சார். இது மூக்குலேர்ந்து வர்ற தும்மலே இல்ல.”

“பின்னே?”

“இன்னும் ஆழத்துலேர்ந்து வருது.”

“அங்க வெட்ட முடியாதா?”

“வெட்டினா ஆளு ஆளா இருக்கமாட்டார். வாசலைவிட்டு மாத்தினாலும் அப்படித்தான். அங்கேயே இருக்கட்டும்; வர்ற தும்மல் வரட்டும்.”

“பாவம், தீராத வியாதி!” என்று மேனேஜர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கண் கலங்க வெளியே போனார்.

கதவு சாத்திக்கொண்டது. வாட்ச்மேன் எழுந்து கைகூப்பினார்.

“டாக்டரம்மா, எனக்காக நீங்க பொய் சொல்லும்படி ஆயிடுச்சே.”

“நான் ஒரு பொய்யும் சொல்லல. கண்ணு தெரியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அன்னைக்கு நான் படி தடுக்கி விழுந்துடாம, உங்க விரலிடுக்குல ஒரு கண்ணு பாத்துக்கிட்டே இருந்துச்சு, மாமா.”