ஏழு கிலோவுக்குள் ஒரு மாதம்

திருப்பதி பையின் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டார். முழங்காலை ஊன்றிப் பார்த்தார். கடைசியில் குப்புறப் படுத்தும் பார்த்துவிட்டார். ஜிப் பாதி வழியில் நின்றது நின்றதுதான்.

எதிரே செம்பின் மேல் சாய்த்து வைத்திருந்த செல்போனுக்குள்ளிருந்து அவர் மனைவி சங்கரம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் இந்துஜாவின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் முன்பே முப்பது கிலோ மூட்டை முடிச்சோடு சிங்கப்பூர் போய் இறங்கிய புண்ணியவதி.

"உள்ள என்னத்த வச்சிருக்கீங்க? ஆட்டுக்குட்டியவா?"

"வேட்டி எட்டு, சட்டை பத்து, துண்டு ஆறு. ஒரு மாசத்துக்கு வேணும்லா?"

"இங்கன துவைக்கதுக்கு மிஷின் இருக்கு. மூணு மூணு போதும். மத்ததை எடுத்து வெளிய போடுங்க."

முப்பது கிலோ கொண்டுபோனவள் ஏழு கிலோக்காரனுக்குப் புத்தி சொல்கிறாள். என்ன செய்ய? டிக்கெட் போட்டது மருமகன் மணிகண்டபிரபு. "மாமா, சூப்பர் ஆஃபர்ல போட்டுட்டேன். கைப்பை மட்டும்தான். ஏழு கிலோ. அதுக்கு மேல ஒரு துரும்பு விட மாட்டாங்க" என்று ஏதோ பரிசு விழுந்த மாதிரிச் சொன்னார். மாப்பிள்ளை போட்ட டிக்கெட்டைக் குறை சொல்ல எந்த மாமனாருக்கு வாய் வரும்? "அதுக்கென்ன மாப்ள, தாராளம்" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து திருப்பதி சரியாகச் சாப்பிடவில்லை.

அவருக்கு வேட்டியும் முக்கியமில்லை, சட்டையும் முக்கியமில்லை. அந்தப் பைக்குள் போயே ஆக வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டு கிலோ கறுப்பு உளுந்து.

பிள்ளை பெற்ற உடம்புக்கு உளுந்தங்களி கிண்டிப் போட்டால்தான் இடுப்புக்குப் பலம். இந்துஜா அப்பாவிடம் கேட்டதும் அது ஒன்றைத்தான். "கடையில வாங்குன உளுந்து ஒண்ணுத்துக்கும் ஆகலப்பா. நம்ம காட்டு உளுந்து கொஞ்சம் கொண்டாங்க." பசுவந்தனைக்குக் கிழக்கே அவருடைய கரிசல் காட்டில் விளைந்தது. தை அறுப்பில் மூட்டையெல்லாம் விலைக்குப் போன பிறகு, மகளுக்கென்று தனியாகப் புடைத்து, கல் பொறுக்கி, துணிப்பையில் கட்டி வைத்திருந்தார். ஒரே மகள். அவள் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது.

மருமகன் போனுக்குள் தலையை நீட்டி ஒரு யோசனை சொன்னார்.

"மாமா, துணிய மடிக்கக் கூடாது. பாய் மாதிரி சுருட்டணும். அப்பத்தான் எடம் கெடைக்கும்."

திருப்பதி சுருட்டினார். நிஜமாகவே இடம் கிடைத்தது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

"அந்த மூலையில எடம் கெடக்கே, ஒரு கருப்பட்டி வைக்கலாம்ல" என்றாள் சங்கரம்மாள்.

வைத்தார்.

"சுக்கு வச்சாச்சா? பிள்ளைக்கு வசம்பு? மோர் மொளகா?"

"ஏட்டி, இது பையா, பலசரக்குக் கடையா?"

"பச்சப்பிள்ளைக்குன்னு கேட்டா கடைங்கீங்க. சரி, வேண்டாம். ஒண்ணும் கொண்டுவராண்டாம். கைய வீசிக்கிட்டு வாங்க."

வசம்பும் போயிற்று, மோர் மிளகாயும் போயிற்று. சுக்கைப் புதுச் செருப்புக்குள் அடைத்தார். ஜிப் பழையபடி பாதி வழியில் நின்றது. சுருட்டாமலேயே இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் பையையும் சாமான்களையும் தனித்தனியாகச் சாக்கில் கட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினார். அவர் வருஷாவருஷம் உளுந்து மூட்டையை விலைக்குப் போடுகிற லிங்கராஜ் அண்ணாச்சியின் கமிஷன் கடைக்கு. எடை என்றால் திருப்பதிக்கு அந்தத் தராசுதான். வேறு எந்தத் தராசையும் அவர் நம்பியது கிடையாது.

"அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை. இந்தச் சாமானையெல்லாம் நிறுக்கணும்."

"அதுக்கென்ன? உள்ள சின்னத் தராசு கெடக்கு, வாங்க" என்றார் லிங்கராஜ்.

"சின்னது எதுக்கு? நம்ம பெருசு இருக்கும்போது!"

லிங்கராஜ் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அது மூட்டை நிறுக்கது. இந்தப் பை கிய்யெல்லாம் அதுல சரிவராது."

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதீங்க! இருவது வருசமா என் உளுந்து ஏறுத தராசு. ஒரு நாளாவது வேற எடத்துல திருப்பி நிறுத்துப் பாத்திருப்பனா? எனக்கு அது சாமி மாதிரி."

லிங்கராஜ் சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் வெறும் பையை ஏற்றினார் திருப்பதி. சக்கரமும் இழுக்கிற கம்பியும் வைத்த பை. சிவப்பு எழுத்தில் பூஜ்யம் நின்றது. ஒரு கிராம்கூட ஏறவில்லை.

"பாத்தீங்களா! மாப்ள வாங்கி அனுப்புனது. காத்துலயே செஞ்சிருப்பான் போல!"

அந்தச் சந்தோஷத்தில் ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். மூட்டை தூக்கும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். ஜட்டி பனியன் எல்லாம் பகிரங்கமாக நிறுவைக்கு வந்தன. "அண்ணாச்சி, இதுக்கு இன்னைக்கு என்ன வெல?" என்று ஒருவன் கேட்டான். திருப்பதிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனாலும் மகள் முகத்தை நினைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிரவில்லை. ஏழரை காட்டியது. கருப்பட்டியில் பாதியை எடுத்தார். போர்வையை எடுத்தார். ஏழு. அச்சாக ஏழு. உளுந்து உள்ளே இருந்தது. அது போதும்.

லிங்கராஜ் கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னார். "திருப்பதி, ஒரு ரெண்டு கிலோ கொறைச்சே கொண்டு போங்களேன்."

"எதுக்கு? ஏழுதான காட்டுது?"

"சொல்லுதேன்லா. ப்ளேன்காரன் தராசு ஒரு மாதிரியா இருக்கும்."

"யாரு தராசு எப்படி இருந்தா என்ன? ஒங்க தராசு சொல்லிட்டுல்லா."

லிங்கராஜ் ஆள் அனுப்பி ஒரு கலர் சோடா வாங்கிவரச் சொல்லித் திருப்பதிக்குக் கொடுத்தார். இருபது வருஷத்தில் அவர் கையால் ஒரு கலர் குடித்தது அன்றைக்குத்தான். வெளிநாடு போகிறவனுக்கு என்னா மரியாதை என்று திருப்பதிக்குக் கண் கலங்கிவிட்டது.

பயணத்தன்று காலை. பையோடு வாசலில் இறங்கவும் எதிர்வீட்டுக் கல்யாணசுந்தரி குறுக்கே வரவும் சரியாக இருந்தது. கையில் ஒரு பொட்டலம்.

"அண்ணே, சுடலைக்குமாரும் அங்கனதான இருக்கான். அரைக் கிலோ கடலைமிட்டாய்தான். கொண்டு குடுத்துருங்க."

"தாயி, ஏழு கிலோதான் விடுவான்..."

"பெத்த வயிறு கேக்க மாட்டங்குது அண்ணே. எம்பிள்ளை ரெண்டு வருசமாத் திங்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கரிசல் காட்டில் உழுது பிழைக்கிற சம்சாரிகள் எத்தனையோ பேர் பிறந்திருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது ஒருத்தி நீட்டுகிற பொட்டலத்தை வேண்டாம் என்று சொன்னவன் இன்னும் பிறக்கவில்லை. திருப்பதி வாங்கிக்கொண்டார். அதற்கு ஈடாக ஒரு வேட்டியையும் இரண்டு சட்டையையும் பையிலிருந்து எடுத்தார். எடுத்ததை வீட்டில் வைக்க மனமில்லை. உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். பேண்ட்டுக்கு மேல் வேட்டி. சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் இன்னொரு சட்டை. சித்திரை வெயில்.

"என்ன அண்ணாச்சி, காச்சலா?" என்றார் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்.

"ஆமா" என்றார் திருப்பதி. விளக்கம் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

கோவில்பட்டியில் இறங்கி மதுரை பஸ்ஸுக்கு நிற்கும்போது மனசு கேட்கவில்லை. ஏற்றியதும் இறக்கியதும் சரிக்குச் சரியாக இருக்குமா? எதிரே ஒரு கடலைமிட்டாய்க் கடை. கடைக்காரரிடம் கெஞ்சிப் பையைத் தராசில் வைத்தார்.

ஒன்பது.

திருப்பதி பையை இறக்கி, மறுபடியும் வைத்துப் பார்த்தார். அதே ஒன்பது. பிறகு விஷயம் பிடிபட்டு அவருக்குக் கோபம் வந்தது.

"ஏன்யா, ஏழு கிலோ பையை ஒம்பதுன்னு காட்டுதே, இது அடுக்குமா? இப்படித்தான சனங்களுக்கு மிட்டாய் நிறுத்துக் குடுக்கே?"

"தாத்தா, மரியாதையாப் பேசும். என் தராசு சரியாத்தான் இருக்கு."

"எனக்கா தெரியாது? விக்கிறவன் தராசு எப்பவும் கூடத்தாம்ல காட்டும்! போய் எங்க லிங்கராஜ் அண்ணாச்சிகிட்டப் படி. அங்க வாங்குதாவ. ஒரு மணி உளுந்துகூட அதிகமாக் காட்டாது அந்தத் தராசு!"

மதுரை போய்ச் சேருகிற வரைக்கும் அந்தக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே போனார். அதில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

விமான நிலையத்தில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் மாரிசெல்வி என்று பேர் குத்தியிருந்தது. மூன்று சட்டையும் நனைந்து நின்ற திருப்பதியைப் பார்த்தாள். பையை வாங்கித் தராசில் வைத்தாள்.

"சார், ஒன்பது கிலோ இருக்கு. ரெண்டு கிலோ எடுக்கணும்."

"ஒங்க தராசும் அப்படியா தாயி?" என்றார் திருப்பதி. "ஊரு ஒலகமே ஒண்ணு சேர்ந்து என்னைய ஏமாத்துதே."

அவர் பேச்சைக் கேட்டதும் அந்தப் பெண் நிமிர்ந்தாள். "எந்த ஊரு நீங்க?"

"பசுவந்தனை."

"எனக்கு ஊரு எப்போதும்வென்றான், பெரியப்பா."

"ஒனக்கு ஊராவது வென்றிருக்கு. நான் தோத்துல்லா நிக்கேன்."

மாரிசெல்வி சிரித்துவிட்டாள். பையை இறக்கிவிட்டு, தன் தண்ணீர் பாட்டில்கள் இரண்டை எடுத்துத் தராசில் வைத்தாள். ஒரு லிட்டர், ஒரு லிட்டர். இரண்டு கிலோ காட்டியது. "எங்க தராசு சரியா இருக்கு பெரியப்பா. வெறும் பையை நிறுத்தீங்களா?"

"நிறுத்தனே. ஒண்ணுமே இல்ல. பூஜ்யம்."

அவள் பையின் பக்கத்து ஜிப்பைத் திறந்து, உள்ளே தைத்திருந்த சின்ன அட்டையைக் காட்டினாள். "பையே ரெண்டு கிலோ. இங்கன அச்சடிச்சிருக்கு பாருங்க."

திருப்பதி அட்டையைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார்.

"பணம் கட்டிப் போடலாமா தாயி?"

அவள் தொகையைச் சொன்னாள். அந்தக் காசுக்கு அவர் காட்டில் ஒரு வெள்ளாமையே வைத்துவிடலாம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

பையைத் தரையில் போட்டுத் திறந்தார். வேட்டியை எடுத்தால் உடம்பில் சுற்ற இனி இடமில்லை. கடலைமிட்டாய் அடுத்தவள் பிள்ளைக்கு உரியது. அதில் கை வைக்க மனம் வரவில்லை. கருப்பட்டியும் வசம்பும் எடுத்தால் முக்கால் கிலோகூடத் தேறாது. கடைசியில் அந்தத் துணிப்பையை எடுத்தார். பையைத் திரும்ப வைத்ததும் தராசு ஏழு காட்டியது. கச்சிதமாக ஏழு.

இரண்டு கிலோ உளுந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திருப்பதி சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். "எம்மக ஒண்ணே ஒண்ணுதான கேட்டா. அதையும் கொண்டுபோக எனக்குக் கொடுப்பினை இல்லையே."

"அழாதீங்க பெரியப்பா. எந்தத் தராசுல நிறுத்தீங்க?"

"கோவில்பட்டி கமிஷன் கடையில. மூட்டை நிறுக்க பெரிய தராசு தாயி. பொய்யே சொல்லாது. இருவது வருசமா என் காட்டு உளுந்து பூராவும் அதுலதான் நிறுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு மூட்டையும்."

மாரிசெல்வியின் முகம் மாறிவிட்டது. அவளுடைய அப்பாவும் சம்சாரிதான். அவர் அணைத்திருந்த இரண்டு கிலோ துணிப்பையைப் பார்த்தாள், பையின் அட்டையைப் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காதபடி குனிந்து கேட்டாள்:

"பெரியப்பா, இந்த இருவது வருசத்துல அந்தத் தராசுல மொத்தம் எத்தனை மூட்டை ஏத்திருப்பீங்க?"