நீலக்கால் மாப்பிள்ளை

இருபத்தாறு வயதில் என் முன்னால் 'கார்ட்டூன்' என்ற சொல்லை உச்சரித்தவர்களோடு நான் கதைப்பதை நிறுத்திவிடுவேன். அது கார்ட்டூன் இல்லை, ஜப்பான்காரரின் அனிமே. இந்த வித்தியாசத்தை என் பல் வைத்தியருக்கு, அவர் என் வாய்க்குள் கருவியை வைத்திருந்த நேரத்திலும், விளக்க முயன்றிருக்கிறேன். ஒரு மனிதன் எவ்வளவு தூரத்துக்கு விசரனாகலாம் என்று யாராவது ஆராய்ச்சி செய்ய விரும்பினால், அந்தக் காலத்து என்னைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ரொறன்ரோவின் வடக்கு மூலையில், மில்லிக்கனில், அப்பா அம்மா வீட்டு பேஸ்மென்றில் இருந்தேன். (வாடகை இல்லை. சாப்பாடு படியிறங்கி வரும்.) நான்கு சுவரிலும் தட்டு அடித்து பொம்மைகள் வைத்திருந்தேன். அம்மா தூசி தட்ட வந்தால் பின்னாலேயே நின்று, எது எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் இருந்தது எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. ஆனால் ஏழாவது கிரகத்தின் தளபதிக்கு எந்த முழங்காலில் காயம் என்று அப்போதே தெரியும்.

அந்தத் தளபதிதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒரு விண்வெளித் தொடரின் நாயகன் அவன். தொடரின் பெயரைச் சொல்ல மாட்டேன், அதற்கு மானமுள்ள ரசிகர்களும் இருக்கலாம். தளபதிக்கு முழங்கை வரை நீலக் கைகள். தலையில் எந்நேரமும் ஒரு கவசம்.

அக்காவின் கலியாணம் ஞாயிற்றுக்கிழமை என்று நிச்சயமானபோது, அதற்கு முதல்நாள் சனிக்கிழமை நகரத்தின் நடுவில் ரசிகர் மாநாடும் வேடப்போட்டியும் இருப்பதை நான் கண்டுபிடித்தேன். உடனே, கலியாணத்தை ஒரு கிழமை தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இப்போது எழுதும்போதே கை கூசுகிறது. அப்பா தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனார்.

அக்கா அந்தக் கலியாணத்துக்காக மூன்று வருடம் காத்திருந்தவள். கஜன் அத்தானும் அவளும் ஒரே இடத்தில் வேலை செய்து விரும்பியவர்கள். ஊரில் அத்தானின் ஆட்கள் வடமராட்சி, நாங்கள் கடலுக்கு அந்தப்பக்கம் தீவுப்பகுதி. நாடு விட்டு நாடு வந்து, பனிக்குள் குடியிருந்தும், அந்தத் தூரம் மட்டும் குறையவில்லை. அத்தானின் அம்மா பரமேஸ் அன்ரி சம்மதித்தது கடைசியில்தான். அதற்குப் பிறகும் அவர்கள் வீட்டில் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அந்தச் சந்தேகம் நான்.

நிச்சயதார்த்தம் அன்று அத்தானின் பெரியப்பா மரியாதைக்காக, "தம்பி என்ன செய்யிறீர்?" என்று கேட்டார். நான் என் வேலையைச் சொல்லவில்லை. தொடரின் மூன்று காலக்கோடுகளையும் அவருக்கு விளக்கினேன். இடையில் இரண்டு தடவை எழும்பப் பார்த்தார், விடவில்லை. வீட்டுக்குப் போனதும், பெட்டையின் தம்பிக்கு ஏதும் வருத்தமோ, அது பரம்பரையில் வருமோ என்று அவர்கள் விசாரித்ததாக அக்காவுக்குச் செய்தி வந்தது.

கலியாணத்துக்கு முதல் கிழமை அக்கா பேஸ்மென்றுக்கு இறங்கி வந்தாள். கதிரையில் இருந்த பொம்மைப் பெட்டிகளைத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு இருந்தாள். (நான் அதையும் தடுக்கப் பார்த்தேன்.)

"தம்பி, ஒரே ஒரு நாள். அவையின்ரை ஆக்கள் எல்லாரும் வருவினம். வாசல்லை முதல் பாக்கிறது உன்னைத்தான். அண்டைக்கு மட்டும் மனிசன் மாதிரி நில்லடா. பிறகு நீ என்னவாவது செய்."

வாசலில் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள் என்பதற்குக் காரணம், நான் தோழன். எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பிதான் அவருடைய காலைக் கழுவி உள்ளே அழைக்க வேண்டும். அதற்குப் பதிலாக மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். ஒரு செம்புத் தண்ணீர், ஒரு தாம்பாளம், இரண்டு கால். குரங்குக்குப் பழக்கினாலும் செய்துவிடும். ஓம் அக்கா, கவலைப்படாதை என்று சொன்னேன்.

சனிக்கிழமை போட்டிக்குப் போனேன். கைக்கு நீல நிறக் கையுறை போட்டிருக்கலாம். கடையில் இருந்தது. ஆனால் தளபதி கையுறை போடுவதில்லை என்பதால், உண்மையான ரசிகன் தோலில்தான் பூச வேண்டும் என்று முடிவெடுத்தேன். சினிமாக்காரர்கள் பாவிக்கும் சாயம் வாங்கி, முழங்கை வரை மூன்று பூச்சுப் பூசி, ஸ்டீல்ஸ் தெரு பஸ்ஸில் கவசத்தோடு ஏறினேன். ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லை. பயபக்தி என்று நினைத்தேன்.

மேடையில் நடுவர் ஒரு மெலிந்த பெண். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உடுப்பு தொடரின் இரண்டாம் பருவத்துடையது, ஆனால் கையின் நீலம் மூன்றாம் பருவத்துடையது, எனவே தகுதி இல்லை என்று சொல்லிவிட்டாள். மற்றவர்களுக்கு நான் வருடக்கணக்காகச் செய்துவந்ததை எனக்கு ஒருத்தி அரை நிமிடத்தில் செய்து முடித்தாள். நான் வாதாடினேன். வெளியே கூட்டிக்கொண்டுபோய் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். போகவில்லை. சவர்க்காரம் போட்டேன், பாத்திரம் கழுவும் திரவம் போட்டேன், அக்காவின் நகப்பூச்சு நீக்கியைத் திருடிப் போட்டேன். தோல் சிவந்தது, நீலம் அசையவில்லை. குளித்தால் போய்விடும் என்று படுத்துவிட்டேன். காலையில் குளித்தேன். அதுவும் சரிவரவில்லை.

அப்போதுதான் முதன்முறையாகப் போத்தலில் எழுதியிருந்ததை வாசித்தேன். தொடரில் வரும் ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறவனுக்கு, தன் தோலில் பூசுவதை வாசிக்கத் தோன்றவில்லை. தண்ணீருக்குப் போகாது, எண்ணெய் தடவி ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுத் துடைக்கவும் என்று இருந்தது. மேலே எல்லாரும் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். குசினிக்குள் ஓடிப்போய் இரண்டு கையிலும் தேங்காயெண்ணெயை ஊற்றி அப்பினேன். துடைக்க நேரமில்லை. வேறொரு வேடத்துக்காக வாங்கிய நீளமான வெள்ளைக் கையுறையை அதற்கு மேலே இழுத்துப் போட்டேன். வேட்டி, சால்வை, தலைப்பாகை, வெள்ளைக் கையுறை. அம்மா கேட்டபோது, கையில் அலர்ஜி, டொக்டர் போடச் சொன்னவர் என்றேன். அம்மாவுக்கு அன்று ஆயிரம் வேலை, நம்பிவிட்டார்.

கார் சூடாக இருந்தது. எண்ணெய் கையுறைக்குள் தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாது.

மண்டப வாசலில் மேளம் தொடங்கியது. வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள், வாசலில் இருந்து மணவறை வரை. அத்தான் பட்டு வேட்டியோடு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தாம்பாளத்தில் ஏறி நின்றார். அவருக்குப் பின்னால் பரமேஸ் அன்ரி, அவருக்குப் பின்னால் வடமராட்சி முழுவதும். வலப்பக்கத்து உடுப்பு மாற்றும் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. அதற்குள் அக்கா பட்டுச்சேலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயர் என் கையைப் பார்த்தார். "தோழனார் அதைக் கழட்டும்" என்றார்.

அலர்ஜி என்றேன். கையுறையோடு கால் கழுவ ஏலாது, முகூர்த்தம் போகுது என்றார். கழற்றினேன். உள்ளே மூன்று பூச்சுச் சாயமும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகியிருந்தன. குனிந்தபடி சால்வையால் கையை மறைத்துக்கொண்டேன். வேகமாகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, அத்தானின் கால்களை என்னால் முடிந்த மட்டும் தேய்த்தேன்.

கணுக்கால் வரை நீலமாயின. பயந்து இன்னும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன், இன்னும் வடிவாகப் பரவியது. படம் எடுப்பவர் கிட்ட வந்து குனிந்தார். அத்தான் கீழே பார்த்தார். பாவம், அந்த மனிதர். மோதிரத்தை என் விரலில் போட்டார், அது எண்ணெயில் வழுக்கித் தாம்பாளத்துக்குள் விழுந்தது. நீலத் தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவி எடுத்தோம், இரண்டு பேருமாக.

மேளம் நின்றுவிட்டது. யாரோ ஒரு பெண் தெளிவாக, "உது என்ன நிறம்?" என்று கேட்டாள். நான் கதவுப் பக்கம் பார்த்தேன். அக்காவின் முகத்தில் இருந்த பூச்சையும் மீறி அவள் வெளிறியது தெரிந்தது. வாய் கோணத் தொடங்கியது. மூன்று வருடக் காத்திருப்பு என் இரண்டு கையால் நாசமாவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீண்டகால ரசிகர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கதையில் எங்கே ஓட்டை விழுந்தாலும் உடனே ஒரு விளக்கம் கண்டுபிடித்து அடைத்துவிடுவார்கள். செத்தவன் ஏன் திரும்பி வந்தான் என்று கதை எழுதியவனுக்கே தெரியாது, ரசிகனுக்குத் தெரியும். என் வாய் தானாகத் திறந்தது.

"இது எங்கடை தீவுப்பக்கத்து முறை. மாப்பிள்ளை கடல் தாண்டி வாறார் எண்டதுக்கு, காலிலை நீலம் பூசித்தான் உள்ளுக்கு எடுக்கிறது."

என் அப்பா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அவர் தீவில் பிறந்து இருபத்தைந்து வருடம் அங்கே இருந்தவர்.

பரமேஸ் அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு பாதிக் கதவைப் பார்த்தார். பிறகு நிதானமாக, "ஓம், தீவிலை உப்பிடி ஒரு முறை இருக்கெண்டு எங்கடை அம்மாவும் சொல்லுறவ" என்றார்.

அவ்வளவுதான். எங்கள் ஆட்களில் ஒரு முறை தனக்குத் தெரியாது என்று மற்றவர் முன்னால் ஒத்துக்கொள்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பெரியப்பா, தான் சின்னவயதில் கண்டிருப்பதாகச் சொன்னார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, நீலம் விஷ்ணுவின் நிறம்தானே என்று ஒரு சுலோகமும் சொன்னார். மேளம் தொடங்கியது. அத்தான் வெள்ளைத் துணியில் மணவறை வரை நடந்து போனார், ஒவ்வொரு அடியும் நீலமாக.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதம்தான் இன்னும் கேவலம். என் சாமர்த்தியத்தால் அக்காவின் மானம் தப்பியது என்று நம்பினேன். வடமராட்சியாரை இவ்வளவு இலேசாக ஏமாற்றலாமா என்று மனதுக்குள் நையாண்டி வேறு. அத்தானின் தம்பியின் கலியாணம் வந்தபோது, அந்த நீலத்தைக் கொண்டுவா என்று பரமேஸ் அன்ரி போன் எடுத்தார். கொண்டுபோனேன். கால் முழுக்க வேண்டாம், பெருவிரலில் ஒரு பொட்டு போதும் என்று ஒழுங்கு வைத்தேன். அடுத்தது ஒரு மச்சாள், அதற்கடுத்தது பெரியப்பாவின் மகன். ஒவ்வொரு கலியாணத்திலும் என்னை முன்னால் விட்டு முறையை விளக்கச் சொன்னார்கள். விளக்கினேன். இடது பெருவிரல் பொட்டு பெண்ணின் நன்மைக்கு, வலது பெருவிரல் பொட்டு பிறக்கப்போகும் பிள்ளைகளின் நன்மைக்கு என்று சேர்த்தேன். முற்காலத்தில் தீவை ஆண்ட வெடியரசன் காலத்தில் தொடங்கியது என்றும் ஒருமுறை சொன்னேன். எல்லாரும் எவ்வளவு கவனமாகக் கேட்டார்கள்.

போன கோடையில், அஜக்ஸில் ஒரு கலியாணம். ஆறாவது நீலம். சாப்பாட்டு மேசையில் பரமேஸ் அன்ரி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். இன்றைக்கு நீலம் திறமாக இருந்தது என்றார். உங்கள் அம்மாவும் சந்தோசப்பட்டிருப்பா என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"எங்கடை அம்மாவோ? அவ தீவுக்கு ஒருநாளும் போனதில்லையடா" என்றார் அன்ரி. "உன்ரை அக்காவின்ரை முகத்தைப் பாத்தனான். மணவறைக்கு வாற பெட்டை அழுதுகொண்டு வரக்கூடாது. அதுக்குச் சொன்னது."

எனக்குக் கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்படியென்றால் மற்றவர்கள் நம்பினார்களே என்று கேட்டேன்.

"ஆர் நம்பினது? நீ நீலக் கையோடை மேடையிலை நிண்டு ஒரு பிள்ளையோடை சண்டை பிடிக்கிற படம், அண்டைக்கு நாங்கள் சாப்பிட இருக்க முந்தியே எங்கடை குடும்பக் குறூப்பிலை வந்திட்டுது."

"பிறகேன் அன்ரி ஒவ்வொருக்காலும் என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"நீ விளக்கம் சொல்லேக்கை பாக்கவேணும். ஒவ்வொரு முறையும் புதுசா ஒண்டு சேர்ப்பாய். சிரிக்காமல் நிக்க எங்கடை ஆக்கள் படுற பாடு."

சுற்றிப் பார்த்தேன். பெரியப்பா அவசரமாக அப்பளத்தைப் பார்த்தார். கஜன் அத்தான் தண்ணீர் குடித்தார், கிளாஸில் தண்ணீர் இல்லை. எதிர் மேசையில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ஒரு கணம் அழுகிறாளோ என்று நினைத்தேன். பிறகு கையை எடுத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் சின்ன வயதில்தான் கண்டிருக்கிறேன். ஆறு கலியாணமாக எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், அவளும் அவர்களில் ஒருத்தியாக இருந்து சிரித்திருக்கிறாள். அதற்கு எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வரப்பார்த்தது. சோற்றைப் பிசைந்து சமாளித்தேன்.

அடுத்த மாதம் மில்லிக்கனில் ஒரு கலியாணம். பரமேஸ் அன்ரி போன் எடுத்துவிட்டார். போத்தல் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தமுறை வலம்புரிச் சங்கு ஒன்றையும் முறைக்குள் கொண்டுவரலாம் என்று யோசிக்கிறேன்.