தானாக நிறைந்த தொட்டி

பங்க் முதலாளி குருமாதானி தொட்டிக்குள் விட்ட அளவுகோலை வெளியே இழுத்துப் பார்த்தார். மண்ணெண்ணெய் இன்றைக்கும் குறைந்திருந்தது.

விற்றது போக எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இல்லை. பெட்ரோல் பங்க்கின் தரைக்கு அடியில் புதைந்து கிடக்கும் அந்தத் தொட்டிக்கும் அவருடைய கல்யாணத்துக்கும் ஒரே வயது. இத்தனை வருஷம் குத்துமதிப்பாகவே ஓட்டிவிட்டார். பழைய தொட்டிகள் ஒழுகுகின்றனவா என்று சோதித்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான் குச்சியும் கையுமாக அலைகிறார். அடுத்த வாரம் வியாழக்கிழமை தீயணைப்புத் துறை அதிகாரி சோதிக்க வருகிறார்.

மண்ணுக்குள் கசிவு என்று தெரிந்தால் தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிது புதைக்க வேண்டும். பங்க்கையே விற்றாலும் அதற்குப் பத்தாது, மூடுவிழாதான். அடுத்த பங்க் கணவாய்க்கு அந்தப் பக்கம். பனி விழுந்துவிட்டால் அந்தப் பாதையில் நரிகூடப் போகாது. குளிர்காய மண்ணெண்ணெய் அடுப்பில்லாமல் ஊரே விறைத்துப் போகும்.

"மிட்சுயோ, தொட்டி ஒழுகுதுடி!"

வீடு வீடாக மண்ணெண்ணெய் கொண்டுபோகும் குட்டி லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, இன்னும் வேகமாகத் துடைத்தாள்.

"பாவம், அந்தத் தொட்டியைப் போய் ஏன் சந்தேகப்படறீங்க?"

"பின்னே உன்னையா சந்தேகப்பட முடியும்?"

மிட்சுயோவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

தினமும் சாயங்காலம் பங்க்கை மூடிவிட்டு, சாவியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, ஊர்ப் பொது வெந்நீர்க் குளத்துக்குப் போய்க் கழுத்தளவு ஊறுவது அவர் வழக்கம். அன்றைக்கு அங்கே முடிதிருத்தும் ஹொசோயிடம் மட்டும் மனசைத் திறந்தார்.

"யாருகிட்டயும் மூச்சு விட்டுடாதே!"

"என்ன அண்ணே, என்னைப் பத்தித் தெரியாதா உங்களுக்கு?"

நன்றாகவே தெரியும். ஹொசோய் காதில் போட்டதும் ஊர் ஒலிபெருக்கியில் போட்டதும் ஒன்று.

இரண்டு நாள் கழித்துக் குச்சியை விட்டார். மண்ணெண்ணெய் ஏறியிருந்தது!

"ஒழுகலை! ஒழுகலை!" என்று துள்ளினார். துள்ளிய கால் தரையில் படுவதற்குள் புத்தி வேலை செய்தது. மண்ணெண்ணெய் எப்படி ஐயா தானாக ஏறும்? நிலத்தடி நீர் உள்ளே புகுந்தால்தான் ஏறும். அப்படியென்றால் ஓட்டை இன்னும் பெரிது!

தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைக் குச்சியில் தடவி இறக்கினார். நிறம் மாறவில்லை. பசை பழசு என்று திட்டிவிட்டுப் புதுசு வாங்கி வந்து தடவினார். அதுவும் மாறவில்லை. அளவு மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.

அதிகாரி வருவதற்குள் குறைத்தாக வேண்டும். எங்கே கொட்டுவது? யோசித்தார். ஆகா, வருஷக் கடைசி அன்பளிப்பு! வீட்டுக்கு ஒரு சிவப்புக் கேன் நிறைய மண்ணெண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"எதுக்கு அண்ணே இதெல்லாம்?" என்று சோயாக்கட்டி விற்கும் உமெனோ பதறினாள்.

"இருக்கட்டும், வச்சுக்கங்க. வருஷம் பூரா நம்ம கடைக்கு வர்றீங்க."

மனுஷன் அங்கேதான் கோட்டை விட்டார். முள்ளங்கி கொடுத்தால் மறுநாளே ஆப்பிள் திரும்பி வரும் ஊர் அது. வாங்கியதைத் திருப்பாவிட்டால் அங்கே யாருக்கும் தூக்கம் வராது. அந்த நினைப்பே இல்லாமல் சாயங்காலம் குளத்தில் போய் ஊறினார். இந்த வாரம் பூராவும் போலவே அன்றும் அவர் ஒருவர்தான். ஹொசோய்கூட வரவில்லை.

மறுநாள் குச்சியை விட்டார். தொட்டி கிட்டத்தட்ட வாய்வரை வந்திருந்தது.

வியாழக்கிழமை அதிகாரி நிஷினா வந்தார். காரைப் பின்பக்கம் நிறுத்தினார். தொட்டியை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். குருமாதானி தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார்.

"முள்ளு அசையவே இல்ல. தொட்டி கல்லு மாதிரி இருக்கு," என்றார் நிஷினா.

"நிஜமாவா சார்!"

"ஆனா பில்லுப்படி இருக்க வேண்டியதைவிட எக்கச்சக்கமா இருக்கே. எங்கிருந்து வந்துது? அதைச் சொல்லுங்க, முத்திரை குத்தறேன்."

குருமாதானி பில் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அப்போது வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. முன்னால் ஹொசோய், பின்னால் உமெனோ, அவளுக்குப் பின்னால் பாதி ஊர். ஆளுக்கொரு சிவப்புக் கேன். ஹொசோய் பழகிய கையாக ஆணியிலிருந்த சாவியை எடுத்தான். நிமிர்ந்தால் எதிரே சீருடை!

"அண்ணே... நீங்க குளிக்கப் போகலையா?"

குருமாதானிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நிஷினா கேன் வரிசையை ஒருமுறை பார்த்தார். "வெளியாள் தொட்டியைத் திறக்கறது குத்தம். முதல்ல சாவிய உள்ள வைங்க. இனி ஒரு சொட்டு ஊத்தக் கூடாது," என்று அதட்டிவிட்டு, முத்திரையை அழுத்திக் குத்தினார். "தொட்டி தேறிடுச்சு."

குருமாதானி ஊருக்கு முன்னால் இடுப்பு ஒடியக் குனிந்தார். கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது.

"என் பங்க்கைக் காப்பாத்த, இந்தக் குளிர்ல உங்க வீட்டு மண்ணெண்ணெயை எல்லாம் கொண்டுவந்து ஊத்தியிருக்கீங்களே! நல்லா இருப்பீங்க. நான் எப்படிக் கைம்மாறு செய்வேன்?"

லாரிப் பக்கம் மிட்சுயோ கண்ணாடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். உமெனோதான் கேனைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டு எண்ணெயா? நல்லா இருக்கே! வருஷக்கணக்கா எங்க கேன்ல எல்லாம் வழிய வழிய ஊத்திட்டு, 'அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போறது யாராம்? ஓட்டை தொட்டியில இல்ல அண்ணே, அண்ணி கையில!"