நதி நகர்ந்தாலும் புனிதம் நகராது

அந்தப் புனித நகரத்தில் ஒரு முழுக்குப் போட்டால் ஏழேழு பிறவிப் பாவமும் தொலையும் என்பது உலகறிந்த விஷயம். நதிக்கு மட்டும் அது தெரியவில்லை. பெருவெள்ளம் ஒன்று வந்து வடிந்ததும், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், படித்துறையை விட்டுக் கூப்பிடு தூரம் தள்ளிப்போய் ஓட ஆரம்பித்துவிட்டது.

புனிதப் பராமரிப்பு அலுவலகம் கூடி ஆழ்ந்து பரிசீலித்தது. 'முன் அனுமதியின்றி இடம் பெயர்ந்தமைக்குத் தக்க விளக்கம் அளிக்கவும்' என்று நதிக்குக் கேள்வி போயிற்று. மரியாதை தெரியாத நதி, பதிலே போடவில்லை. ஆகவே, நதி நகர்ந்தாலும் புனிதம் நகராது என்று முடிவாயிற்று. பழைய படித்துறையில், 'மோட்ச வாசல்' என்ற பெரிய போர்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, லாரியில் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். யாத்திரிகர்களுக்கு ரொம்ப சௌகரியம். வழுக்காது, போட்டோவும் நன்றாக விழும்.

அங்கேதான் ஒரு தையல்காரர், அம்மாவின் அஸ்திக் கலசத்தோடு வந்து நின்றார். கூடவே அக்கா. ஒற்றை அறையில், தையல் மெஷினுக்கும் அடுப்புக்கும் நடுவிலேயே ஆயுசைக் கழித்தவள் அம்மா. "செத்த பிறகாவது என்னை ஓடுற தண்ணியில விடுடா, அடைச்சு வெக்காத" என்று அவள் கடைசியாகக் கேட்டிருந்தாள்.

"ஐயா, நாங்க ஆத்துக்கே போயிடறோம்" என்றார் தையல்காரர்.

தொட்டியருகே நின்ற அலுவலக அதிகாரி பரிதாபப்பட்டார். "அங்க போய் என்ன பண்ணுவீங்க? அங்க வெறும் தண்ணிதானே ஓடுது."

"அந்தத் தண்ணிதானே இந்தத் தொட்டியில இருக்கு?"

"லாரியில வர்ற வரைக்கும்தான் அது தண்ணி. போர்டுக்குக் கீழ இறங்கிட்டா தீர்த்தம்."

"அம்மா ஓடுற தண்ணி கேட்டாங்களே!"

"அவ்வளவுதானே? குழாயத் திறந்துவிடச் சொல்றேன், ஓடும்."

தையல்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆற்றுப் பக்கம் திரும்பினார். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், போட்டோல போர்டு இல்லைனா சித்தப்பா நம்புவாரா? ஏதோ வாய்க்கால்ல கொட்டிட்டு வந்துட்டாங்கன்னு வீடு வீடாப் போய் சொல்லுவாரு. மானம் போயிடும்!"

அம்மாவின் மோட்சத்தைவிடச் சித்தப்பாவின் வாய் பெரியது. கலசம் தொட்டியில் கவிழ்ந்தது. அக்கா போட்டோ எடுத்துக்கொண்டாள். தையல்காரர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மறுபடியும் அடைச்சு வெச்சிட்டேனேம்மா!"

தொட்டி கழுவுகிறவர் வந்தார். "நகருங்கண்ணே, தண்ணி மாத்தணும்."

"இந்தத் தண்ணி எங்க போகும்?"

"தொட்டிய விட்டு இறங்கிட்டா கழிவுநீர்தானே? குழாய் வழியா ஆத்துல விட்டுடுவோம்."

தையல்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் மணலில் ஓடினார். அவர் போய்ச் சேரவும் குழாய் குபுகுபுவென்று கொட்டவும் சரியாக இருந்தது. சாம்பல் கலந்த தண்ணீர் ஆற்றில் விழுந்து ஓடியது. "போயிட்டு வாம்மா" என்று கைகூப்பினார். அவருக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

ஒருத்தர் ஓடிப்போய்க் கும்பிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தொட்டி வரிசை மொத்தமும் பின்னாலேயே வந்து, முண்டியடித்து, குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டது. அக்காதான் முதல் ஆள். ஒழுங்கைக் காக்க அதிகாரி கயிறு கட்டினார்.

"கும்பிட்டாச்சுல்ல, தள்ளுங்க சார்" என்றார் ஒருவர், போனை உயர்த்திப் பிடித்தபடி. "போர்ட மறைக்கிறீங்க."

தையல்காரர் தள்ளி நின்றார். 'கழிவுநீர் வெளியேறும் இடம்' என்று குழாய்க்கு மேலிருந்த போர்டில் பளிச்சென்று எழுதியிருந்தது.