தேசம்மாவின் கதையில் எனக்கு ஒரு வேடம்

பங்காளி மேல் பொறாமைப்படலாம். பக்கத்து நிலத்துக்காரன் போர் போட்டு, தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தால் அவன் மேலும் படலாம். ஊர் அதைப் புரிந்துகொள்ளும். ஆனால் கட்டிய பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிறவன் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. நான் பட்டிருக்கிறேன். லேசாகக்கூட இல்லை, வயிறு எரிந்து, சோறு இறங்காமல், வெந்தயம் போட்டு மோர் குடிக்கிற அளவுக்குப் பட்டிருக்கிறேன். (அதற்கும் மோர் கலந்து கொடுத்தவள் அவள்தான்.)

பிச்சாட்டூர் பக்கத்தில் ஆரணி ஆற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் காலனி. இருப்பது ஆந்திராவில், பேசுவது தமிழ், ரேஷன் கார்டு தெலுங்கு. மாம்பழ சீசனில் சித்தூரில் கூழ் ஃபேக்டரி வேலை, மற்ற நாட்களில் கிடைக்கிற வேலை. இதெல்லாம் வயிற்றுக்கு. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைத்துவிட்டால் நான்தான் கட்டியக்காரன். கூத்தில் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், வேடம் கட்டியவர் அதன் பின்னால் நிற்பார். கட்டியக்காரன் முன்னால் வந்து இன்னார் வருகிறார் என்று அவர் பெருமையைப் பாடி, நடுவே நாலு கிண்டல் அடித்து, கடைசியில் திரையைப் பிடித்து இழுப்பான். துரியோதன மகாராஜாவே ஆனாலும் நான் இழுக்காமல் சபைக்கு வர முடியாது. இந்தக் கர்வம் எனக்கு உச்சந்தலையில் ஏறியிருந்தது.

எங்கள் காலனிப் பையன்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. திருப்பதியில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்திருந்தது. ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து லாவண்யா என்ற பெண் காலனிக்கு வந்தாள். தெலுங்குப் பெண், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவாள். நர்சோடு வருகிற அரசாங்கச் சுகாதார வண்டி ஊருக்குள் வந்து நின்றுவிட்டுப் போய்விடுகிறது, காலனிக்கு வருவதில்லை. உங்கள் கஷ்டத்தை நீங்களே கதையாகச் சொன்னால், அதை ஃபோட்டோக்களோடு கம்ப்யூட்டரில் சேர்த்துச் சின்னப் படமாக்கி, சித்தூரில் அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டுவோம், வண்டி இனி எங்கெங்கே நிற்கும் என்று அவர்கள் அங்கேதான் முடிவு செய்வார்கள் என்றாள்.

சின்ன விஷயமில்லை. எங்கள் பிள்ளைத்தாய்ச்சிகள் வெயிலில் ஊர் வரை நடந்து போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பியிருக்கும். சேர்ந்தாலும் வரிசையில் கடைசி. நர்சம்மா தெலுங்கில் கேட்பது பாதிப் பேருக்குப் புரியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், நீங்கள் ஆந்திராக்காரர்கள் ஆயிற்றே என்பார்கள்.

கதை என்றதும் நான் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன். பேதியாசுரன் என்று ஒரு அரக்கனை அங்கேயே உண்டாக்கி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை அஸ்திரமாக விட்டு, அவனை வதம் செய்கிற கூத்தை ஆரம்பித்தேன். அரக்கன் தன் குலப்பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் லாவண்யா கடிகாரத்தைப் பார்த்தாள். மொத்தப் படமும் மூன்று நிமிடம்தான் என்றாள். மூன்று நிமிடத்தில் எங்கள் கூத்தில் கட்டியக்காரன் தொண்டையைக்கூடச் செருமி முடிக்க மாட்டான்.

அந்த நேரம் பார்த்து, சோறு ஆறிப்போகிறது என்று என்னைக் கூப்பிட வந்தாள் என் மனைவி தேசம்மா. கடைசியாக அந்த வண்டிக்கு எப்போது போனீர்கள் என்று லாவண்யா அவளை ஒரு பேச்சுக்குக் கேட்டாள். இவள் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றபடியே ஏதோ சொன்னாள். நான் கூட்டத்துக்குப் பேதியாசுரனின் முடிவைச் சொல்லிக்கொண்டிருந்ததால் அதைக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் லாவண்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். திருப்பதி பயிற்சிக்கு எங்கள் காலனியிலிருந்து தேசம்மா என்று முடிவாகிவிட்டது.

நானும் போனேன். துணைக்கு என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் டிபன் கேரியர் தூக்கவும், பிள்ளையை வைத்துக்கொள்ளவும்தான். திருப்பதியில் அந்த ஆபீசின் நடையில் நான் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே தேசம்மா காதில் பெரிய கருப்பு மாட்டலோடு மௌசைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். வீட்டில் ரேடியோவைத் திருகக்கூட என்னைக் கூப்பிடுகிறவள். குரலைப் பதிவு செய்ய ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி ஒரு அறை வைத்திருந்தார்கள். முதல் நாள் என்னையும் உள்ளே விட்டார்கள். அவள் ஒரு வரி சொன்னதும் நான் கூத்துப் பழக்கத்தில் "ஆமாமா, அப்பால?" என்றேன். ஒவ்வொரு வரிக்கும் சொன்னேன் போலிருக்கிறது. வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பிறகு லாவண்யா வந்து, அக்காவுக்கு என்ன வாய்ஸ் அண்ணா என்றாளே, அதுதான் தாங்கவில்லை. மைக் இல்லாமல் ஆற்றின் அக்கரைக்குக் கேட்கிற குரல் என்னுடையது. அதை ஒருத்தரும் வாய்ஸ் என்று சொன்னதில்லை. சத்தம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஊர் திரும்பும்போது நாராயணவனம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"கதையில நான் வர்றனா?"

"வர்ற மாமா, வர்ற," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சித்தூர் கூட்டம் வரைக்கும் ஓட்டினேன். என்னைப் பற்றி என்னவெல்லாம் சொல்லியிருப்பாள் என்று நானே வசனம் எழுதிப் பார்த்தேன். சிலது நன்றாகவே வந்தன.

சித்தூரில் பெரிய ஹால். முன்வரிசையில் அதிகாரிகள், நடுவில் கண்ணாடி போட்ட பெரிய டாக்டரம்மா. மேடையில் இரண்டு கம்புகளுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார்கள், எதிரே புரொஜெக்டர். விளக்கை அணைத்தார்கள். முதலில் வேறு மண்டலத்து அம்மா ஒருத்தியின் கதை. லாவண்யா பட்டனைத் தட்டினாள், படம் ஓடியது, முடிந்தது. இரண்டாவதும் அப்படியே. யார் வருகிறார்கள், எந்த ஊர், யார் பெண்டாட்டி, ஒரு அறிவிப்பும் கிடையாது. திரை இருக்கிறது, கட்டியம் இல்லை. என் உடம்பெல்லாம் கூசியது.

அடுத்தது தேசம்மா என்றாள் லாவண்யா. என் கால் தானாக எழுந்து மேடைக்குப் போய்விட்டது. (இன்றுவரை நான் காலைத்தான் குற்றம் சொல்கிறேன்.) திரைக்கு முன்னால் நின்று, சபையை வணங்கி, எடுத்த எடுப்பிலேயே உச்ச சுருதி.

"வாராளே தேசம்மா வாராளே, ஆரணி ஆத்தங்கரை சீமாட்டி வாராளே, கூத்துக்கெல்லாம் ராஜனாம், கூழ் ஃபேக்டரி வீரனாம், மூணு ஜில்லா புகழும் முனிரத்தினம் கைப்பிடிச்ச..."

கட்டியத்தில் அவளுக்கு ஒரு வரி, எனக்குப் பதினொரு வரி. லாவண்யா ஏற்கெனவே பட்டனைத் தட்டியிருந்ததால் பின்னால் தேசம்மாவின் குரல் ஓட ஆரம்பித்துவிட்டது. அதை அமுக்கிக்கொண்டு நான் பாடினேன். அதிகாரிகள் இது நிகழ்ச்சியில் உள்ளதா இல்லாததா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாட்டு முடிந்தது. கட்டியம் முடிந்தால் கட்டியக்காரன் கை என்ன செய்யும்? திரையைப் பிடித்து ஒரே இழுப்பு.

கூத்தில் திரை பிடிக்கிற இரண்டு பேர் இருப்பார்கள், இழுத்ததும் விட்டுவிடுவார்கள். இங்கே இருந்தது இரண்டு கம்பு. துணி மொத்தமாக அறுந்து என் தலையில் விழுந்து, கால் வரைக்கும் மூடிக்கொண்டது. ஒரு கம்பு சாய்ந்து என் தோளில் நின்றது.

ஹாலே சிரித்தது. நான் துணிக்குள் திசை தெரியாமல் கையை வீசினேன். அப்போது பக்கத்தில் லாவண்யாவின் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு: "கதலொத்து அண்ணா, கதலொத்து." அசையாதே என்கிறாள். ஏன் என்று எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. புரொஜெக்டர் நிற்கவில்லை. படம் என் மேல் ஓடிக்கொண்டிருந்தது. சபைக்கு இருந்த ஒரே திரை நான்தான்.

நின்றேன். தேசம்மாவின் முகம் என் வயிற்றில் தெரிந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். அவள் தமிழில் பேசியதைத் தெலுங்கில் எழுத்தாகக் கீழே போட்டிருந்தார்கள். அது என் முழங்காலில் விழ, முன்வரிசை அதிகாரிகள் குனிந்து என் முழங்காலைப் படித்துக்கொண்டிருந்தார்களாம். எனக்கு எதுவும் தெரியவில்லை, வெளிச்சமும் குரலும்தான். அப்போதுதான் நான் அந்தக் கதையை முதல்முறையாக விடாமல் கேட்டேன்.

"மாசமா இருக்கசொல்ல மூணு தபா வண்டிக்கு நடந்துக்கினு போனேன். போய்ச் சேர்றதுக்குள்ள வண்டி பூடும். காலு வீங்கிக்கினே இருந்துச்சு, யாரும் பாக்கல. வலி வந்த அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு ஊர்ல இல்ல."

அவ்வளவுதான். நான் வருகிறேன் என்று சொன்னாளே, அது இதுதான். ஊரில் இல்லை என்று வருகிறேன். ஊரில் இல்லாத அந்த ஆளின் மேலேயே அந்தப் படம் ஓடுகிறது. ஹால் மறுபடி சிரித்தது. சீசன் நேரம், கூழ் ஃபேக்டரியில் ஒருத்தனுக்கும் லீவு கிடையாது, அதையாவது ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம்.

ஆனால் குரல் நிற்கவில்லை. மாங்காய் ஏற்றி வந்த டிராக்டரில், கூடைகளுக்கு நடுவே அவளைப் படுக்க வைத்துக் கூட்டிப் போனார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் பெரிய இடத்துக்குப் போ என்றார்கள், இன்னொன்றில் எந்த மாநிலம் என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிள்ளை டிராக்டரிலேயே பிறந்துவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், காலனியில் நானே நடித்தெல்லாம் காட்டியிருக்கிறேன். அடுத்தது தெரியாது.

"செத்துப் பூடுவேன்னு நெனச்சேன். ரொம்ப பயமா இருந்துச்சு. எங்க வூட்டுக்காரருகிட்ட இத சொல்லல. சொன்னா அதையும் கூத்தாக்கிடுவாரு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அது வேறு மாதிரி. லாவண்யாவிடம் சொல்லியிருக்கிறாள். போர்வை கட்டிய அறையில் ஒரு மைக்கிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது சித்தூர் ஜில்லாவுக்கே சொல்கிறாள். கடைசி ஆளாக, துணிக்குள் நின்று நான் கேட்கிறேன். அந்த மைக் மேல் எனக்கு வந்த பொறாமை, ஒரு மனிதன் மேல்கூட வந்ததில்லை.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். யாரோ துணியை உருவினார்கள். டாக்டரம்மா தேசம்மாவை எழுப்பி, வண்டி காலனியில் எங்கே நிற்க இடம் இருக்கிறது, எத்தனை மணிக்கு வந்தால் வேலைக்குப் போகிற பெண்களுக்குச் சரிப்படும் என்று தெலுங்கில் வரிசையாகக் கேட்டார். இவள் தெலுங்கும் தமிழும் கலந்து நிதானமாகப் பதில் சொன்னாள். தண்ணீர் டேங்க் பக்கத்தில் நிழல் இருக்கிறது, காலையில் முதலில் எங்களிடம் வந்துவிட்டு ஊருக்குப் போகட்டும், தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி வேண்டும் என்றாள். டாக்டரம்மா பக்கத்தில் இருந்தவரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைக் காட்டி, இவர் யாரம்மா என்று கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரு மேடம். இன்னிக்கி ஊர்ல இருக்காரு."

அந்தச் சிரிப்பு அடங்கி நான் இருக்கைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு கூத்தே நடத்தியிருக்கலாம்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விட்டேன். பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டது. பயமாக இருந்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கடைசியில் கேட்டேன்.

"நீ எங்க கேட்ட?" என்றாள். "மறுநாளு ஒரு பை மாம்பழத்த தூக்கிக்கினு வந்த. பழம் இனிப்பா கீதான்னுதான் கேட்ட."

உண்மைதான். டிராக்டரில் மாங்காய்க்கு நடுவே பிள்ளை பெற்றவளுக்கு மாம்பழம் வாங்கிப் போன ஒரே புருஷன் நானாகத்தான் இருப்பேன். அன்றைக்கு அவளிடம் கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில்கூட நான் "ஆமாமா, அப்பால" போடவில்லை.

வண்டி வந்தது. மாதம் ஒரு முறை, தண்ணீர் டேங்க் பக்கத்தில், தமிழ் பேசுகிற நர்சோடு. முதல் நாளே எங்கள் சின்னப்பா மகளின் கால் வீக்கத்தைப் பார்த்து, அன்றைக்கே திருப்பதிக்கு அனுப்பினார்கள், தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். என்னைப் பற்றிய பேச்சும் நன்றாகவே இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து, டிராக்டரில் பிறந்த எங்கள் மகள் கல்யாணத்தில் மண்டபத்துக்குள் பெரிய திரை வைத்துப் படம் காட்டினார்கள். மேளம் நிற்கும் வரை என் மச்சான் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், அதை வீடியோக்காரன் வேறு எடுத்து வைத்திருக்கிறான்.

வண்டிக்கு அரசாங்கம் ஒரு பெயர் வைத்துப் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கிறது. காலனியில் யாரும் அதைச் சொல்வதில்லை. எல்லாருக்கும் அது தேசம்மா வண்டி. வருவதற்கு முந்தின சாயங்காலம் தெருத்தெருவாகப் போய் அறிவிக்கிற வேலை மட்டும் என்னுடையது, டாக்டரம்மா அன்றைக்கே ஹாலில் சொல்லிவிட்டார், இந்தக் குரலை வீணாக்காதீர்கள் என்று. ஆக, மாதம் தவறாமல் என் பெண்டாட்டி பெயரை என் வாயாலேயே காலனி முழுக்கப் பாடிக்கொண்டு போகிறேன்.

போன மாதம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தேசம்மா எனக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, தானே போனாள். பாட்டு இல்லை, கட்டியம் இல்லை, வீட்டுக்கு வீடு கதவருகே நின்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். மறுநாள், வழக்கத்தைவிட நிறையப் பேர் வந்திருக்கிறார்களே என்று நர்ஸ் ஆச்சரியப்பட்டாள். நான் அன்றே தொண்டை சரியாகிவிட்டது என்று காலனி முழுக்கச் சொல்லி வைத்தேன்.