பெண் பார்க்கப் போய்ப் பல்லைக் காட்டிய கதை

உட்கார்ந்த இடத்தில் தூங்கும் வரம் பெற்றவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு கர்வம் உண்டு. வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து கிடர்பூர் ஆபீசுக்கு, பஸ்ஸில் நின்றபடியே தூங்கிக்கொண்டு போவேன். (ஸ்டாப்பைத் தாண்டி இறங்கித் திரும்பி நடந்து வருவதற்கு ‘உடற்பயிற்சி’ என்று பெயர் வைத்திருந்தேன்.) ராத்திரி முழுக்கக் குறட்டை விட்டவனுக்குப் பகலில் ஏன் தூக்கம் வருகிறது என்று யோசிக்கும் அளவுக்கு நான் விழித்திருந்ததே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், இருபத்தெட்டு வயதில், அம்மாவுடன் ஜாதவ்பூருக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண் பெயர் நந்தினி. பல் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷம். எங்களைப் போலவே அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம்; அப்பா பேங்க் ஆபீசர். லூச்சிப் பூரியும் சந்தேஷ் இனிப்பும் தின்று முடித்து, கையில் டீயோடு ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். ஜூன் மாத மத்தியானம். அந்த நேரம் பார்த்துப் பெண்ணைப் பாடச் சொன்னார்கள். அது என் தப்பா?

முதல் வரியிலேயே கண் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்தது அம்மா சொல்லித்தான் தெரியும்.

“மாப்பிள்ளைக்கு என்ன ரசனை பாருங்க!” என்று நந்தினியின் அப்பா பூரித்தாராம். அடுத்த நிமிஷம் குறட்டை கிளம்பியது. “பாட்டுல அப்படியே லயிச்சுட்டான்” என்று அம்மா சமாளித்தாள். குறட்டை சட்டென்று நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. நந்தினி மட்டும் பாட்டை நிறுத்திவிட்டாள்.

“அப்பா, அவர் மூச்சு விடலை. நெஞ்சு ஏறி இறங்குது, காத்து உள்ள போகலை.”

கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். பதினெட்டாவது வினாடியில் நான் திணறிக்கொண்டு எழுந்தேன். என் டீ முழுவதும் நந்தினி அப்பாவின் வேஷ்டியில். எதிரே ஒரு முழ தூரத்தில் பெண் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். (என் அழகில் மயங்கிவிட்டாள் என்றுதான் அந்தக் கணம் நினைத்தேன்.)

“தாதா, ஹா கொருன்” என்றாள்.

‘அண்ணா, வாயைத் திறங்க.’ கல்லூரி ஆஸ்பத்திரியில் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வங்காளி வார்த்தை. நானும் சமர்த்தாகத் திறந்தேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பெண்ணே மாப்பிள்ளையை அண்ணா என்று கூப்பிட்ட பிறகு சம்பந்தமாவது, மண்ணாவது! “நந்தினி!” என்று அப்பா அதட்டியது அவள் காதில் விழவே இல்லை.

“இப்ப கடிங்க. கீழ்த்தாடை எவ்வளவு பின்னாடி இருக்கு பாருங்க! தூங்கறப்ப நாக்கும் பின்னால சரிஞ்சு தொண்டையை அடைக்குது போல. மூச்சு நின்னதும் மூளை உங்களை உலுக்கி எழுப்புது. ராத்திரி பூரா இதேதான் நடக்கும். எல்லாருக்கும் பல்தான் காரணம்னு சொல்ல முடியாது, முதல்ல தூக்கத்தை டெஸ்ட் பண்ணணும்.”

நான் பிரமித்துப்போனேன். தினமும் கண்ணாடியில் பார்த்துத் தேய்த்த பல்லுக்கும் என் உயிருக்கும் இப்படியொரு தொடர்பா? சோம்பேறி என்று ஊரே திட்டிய எனக்குள், ராத்திரி முழுக்க ஒரு மூளை கண் விழித்து என்னைக் காவல் காத்திருக்கிறது!

டெஸ்டில் அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. அவளுடைய பேராசிரியர் என் பற்களை அச்செடுத்து, கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் பிடித்து வைக்கும் பிளேட் செய்து கொடுத்தார். சில வாரம் தாடை வலித்தது. பிறகு ஒரு நாள் காலை, பஸ் பாலத்தின் மேல் ஏறியபோது கீழே அகலமாக ஒரு நதி ஓடியது. படகுகள், வெயில், அலையெல்லாம் வெள்ளி. இத்தனை வருஷம் தினமும் கடந்த ஹூக்ளியை அன்றுதான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

நந்தினி இப்போது ஜாதவ்பூரிலேயே டாக்டர். அண்ணன் நெற்றியில் சந்தனம் இட்டு, யமன் அண்டக்கூடாது என்று தங்கைகள் வேண்டிக்கொள்ளும் பாய்ஃபோட்டா நாளில், வருஷம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சந்தனத்துக்கு முன்னால், “தாதா, முதல்ல ஹா கொருன்” என்று பிளேட்டைப் போடச் சொல்லிப் பார்ப்பாள்.

“சந்தையில கூடப் பல்லைப் பார்த்துட்டு மாட்டை ஓட்டிட்டுப் போவாங்க. இவ பார்த்துட்டு விட்டுட்டாளே!” என்று அம்மா ஆரம்பிப்பாள்.

“விட்டதாலதானே அத்தை, இவர் எனக்குக் கிடைச்சார், அதுவும் மூச்சோட” என்பாள் என் மனைவி.

என்னால் பதில் சொல்ல முடியாது. வாய் திறந்திருக்கும்.